மேசைமேல் ஒரு குவளை

படுக்குமுன் மூன்று வேலை எனக்கு:
அடுப்பை அணைக்க வேண்டும்,
காலணியை வாசல் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்,
மேசைமேல் ஒரு குவளைத் தண்ணீர் வைக்க வேண்டும்.

குடிப்பதற்கு அல்ல.
மண் அசைய நினைக்கும்போதே
தண்ணீரின் முகத்தில் சுருக்கம் விழுந்துவிடும்.
விழுந்தால் ஓட வேண்டும்.
கியூம்ரியில் என் வயதுக்காரர்கள்
இதை வெளியே சொல்வதில்லை.
யார் வீட்டுக்கு இரவில் போனாலும்
யாரும் தொடாத ஒரு குவளை நிற்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
டிசம்பர், பதினொன்று நாற்பத்தொன்று.
கரும்பலகையில் பாதி எழுதிய ஏழு.
நான் ஜன்னலோரம்,
ஹ்ராந்த் சுவரோரம்.
வேறு வித்தியாசம் எதுவும் இல்லை எங்களுக்குள்.

பிறகு பதினான்கு குளிர்காலம் தகரப் பெட்டி வீட்டில்.
கூரையில் பனி சரியும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
அம்மா எழுந்து உட்கார்வாள்.
அவளுடைய மூக்கு எனக்கு வந்தது.
அந்த உட்கார்தலும் வந்தது.

இப்போது என் மகன் எல்லையில்.
போன் அடித்தால் பயம்,
அடிக்காவிட்டால் அதைவிட.

சனிக்கிழமை கருங்கல் கோயிலுக்குப் போகிறேன்.
சண்டை போடத்தான் போகிறேன், மறைக்கவில்லை.
புயலில் படகின் பின்புறம்
தலையணை வைத்துத் தூங்கினீராமே ஆண்டவரே.
அந்த டிசம்பர் காலையிலும் தூக்கமா?
கணக்கு வகுப்பில் உம்மை எழுப்ப
யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பதில் வரவில்லை.
ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன், மிக மெல்லியது.
எங்கள் கோயிலில் தட்டு நிறைய மணல்,
மணலுக்கு மேல் தண்ணீர்,
அதில் குத்தி நிறுத்துவோம்.
வெளியே கல் ஏற்றிய லாரி போனது.
என் கண் முதலில் போனது தண்ணீருக்குத்தான்.
நடுங்கியது.
தண்ணீரில் தெரிந்த சுடர்களெல்லாம் உடைந்து சிதறின.
மேலே நின்றவை நின்றபடியே எரிந்தன.
இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
மெழுகுவர்த்தி மெழுகுவர்த்திதான்.
ஆனாலும் அடுத்த லாரி வரும்வரை
அங்கேயே நின்றேன்.

வீடு திரும்பும் வழியில், ரொட்டிக் கடை வரிசையில்,
ஒன்று உறைத்தது:
அவர் தூங்கியது கரையில் அல்ல.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அதே படகில்.
மூழ்கியிருந்தால் அவரும் நனைந்திருப்பார்.
ஹ்ராந்தின் சுவரோரத்தில்
ஒருவேளை மூன்றாவதாக ஒரு பையன் இருந்தானோ.
கடைக்காரி இரண்டு முறை கேட்டாள்,
எத்தனை ரொட்டி என்று.

போன வாரம் வஹான் விடுப்பில் வந்தான்.
சொல்லாமல் வந்தான், நள்ளிரவில்,
தாடியும் டீசல் வாசமுமாக.
நான் விளக்கைத் தேடுவதற்குள்
மேசையில் இருந்த குவளையை எடுத்தான்.
தலையைப் பின்னால் சாய்த்து,
தொண்டைக்குழி ஏறி இறங்க,
ஒரே மூச்சில் குடித்தான்.
முப்பது வருடக் காவலை.
புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு
"இன்னும் இருக்கா அம்மா?" என்றான்.

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.
ஜாடியையே கொடுத்தேன்.
அவன் காலணியோடு சோபாவில் சரிந்தான்,
குறட்டை விட்டான்,
ஊர் முழுக்க அவன் படகு என்பதுபோல.

வெற்றுக் குவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வெறுமையில் எதைக் காவல் காப்பது?
வழக்கமான ஜெபம் நாவில் வரவில்லை.
"நீரும் இங்கேதான் இருக்கிறீர்" என்றேன்.
கேள்வியாகத் தொடங்கினேன்;
முடியும்போது அது கேள்வியாக இல்லை.

பிறகு தூங்கிப்போனேன்.
பூமி அன்றிரவு அசைந்ததா என்று
இதுவரை யாரையும் கேட்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன்:
காலணியை இன்னும் வாசல் பார்த்தே வைக்கிறேன்.
குவளையும் வைக்கிறேன், வஹான் திரும்பிப் போன பிறகும்.
ஆனால் நடுவில் விழித்தால்
எடுத்துக் குடித்துவிடுகிறேன்.
தாகம் எனக்கும் உண்டு என்பதே
இத்தனை நாள் மறந்திருந்தது.