நோயாளிக்கு என்ன உறவு

படிவத்தில் ஒரு கட்டம்,
நோயாளிக்கு என்ன உறவு என்று.
ஆறு வருடம் முன்பு நீதிமன்றத்தில்
கையெழுத்துப் போட்டு அழித்ததை
இங்கே மறுபடி கேட்கிறார்கள்.
மை வராததுபோல் பேனாவை உதறினேன்.
'படகு மெக்கானிக்' என்று எழுதினேன்.
அது தொழில், என்றாள் வரவேற்புப் பெண்.
அடித்துவிட்டு எழுதினேன்:
கூட இருப்பவர்.

உன் தங்கை கால் முறிந்து
வடக்கே கிடக்கிறாள்.
வேறு ஆளில்லாததால்தான் நீ,
என்று இரண்டு முறை சொன்னாய், நெலிதா.
இரண்டு முறையும் சரி என்றேன்.

யஸ்னா என்ற நர்ஸ்
இரட்டைக் கையுறை, நீல அங்கி,
கண்ணுக்கும் ஒரு கவசம் போட்டு
அந்தச் சிவப்பு மருந்தைத் தூக்கி வருகிறாள்.
தன் தோலில் ஒரு சொட்டுப் படக்கூடாதாம்.
உன் நரம்புக்குள் விடுகிறாள்,
நிதானமாக,
உன் செருப்பு அழகு என்று சொல்லிக்கொண்டே.

வாய் புண்ணாகாமல் இருக்க
ஐஸ் துண்டு ஊட்டச் சொன்னார்கள்.
பதினெட்டு வருடக் குடித்தனத்தில்
நான் உனக்கு ஊட்டியதில்லை.
கரண்டி பல்லில் இடித்தது.
'இரும்பு இரும்பா இருக்கு' என்று முகம் சுளித்தாய்.
மறுநாள் ஐஸ்கிரீம் கடையில் கெஞ்சி
ஒரு கை பிளாஸ்டிக் கரண்டி வாங்கிவந்தேன்.
மெக்கானிக் வேறென்ன செய்வான்,
உதிரி பாகம் மாற்றினேன்.

மாத்தே குடுவையும் பையில் இருந்தது.
சண்டை போட்ட இரவுகளிலும்
நம்மிடையே கைமாறிய ஒற்றைக் குழல்.
எச்சில் பார்க்காமல் நாம் இருந்தது
அந்த ஒன்றில்தான்.
இனி யார் எச்சிலும் உனக்கு ஆகாது.
வராந்தாவில் நின்று தனியாகக் குடித்தேன்.
கசந்தது.
அது எப்போதும் கசக்கும்தான்.

மூன்று மணிக்கு வாந்தி.
பேசினை நீட்டினேன்.
நெற்றியைப் பிடிக்கவா, என்றேன்.
'கேட்காதே, பிடி.'
பிடித்தேன்.
முடி போன பின் உன் மண்டையில்
ஒரு தழும்பு இருக்கிறது, வலப்பக்கம்,
அரை அங்குலம்.
எப்போது விழுந்தாய்?
பதினெட்டு வருடம் இது எனக்குத் தெரியாது.
கேட்கலாம் என்று பார்த்தேன்,
நீ தூங்கிவிட்டாய்,
என் உள்ளங்கையிலேயே.
விடியும்வரை கை மரத்துக் கிடந்தது.

காலையில் சும்மா ஏதாவது பேச வேண்டி
நகராட்சிக்காரர்கள் பேருந்து நிறுத்தத்து மூலையில்
கயிறு கட்டிவிட்டார்கள் என்றேன்.
ஒவ்வொரு வசந்தத்திலும் கட்டுவதுதான்,
நம் ஊர்க் காற்றுக்கு
ஆள் பறந்துவிடாமல் பற்றிக்கொண்டு நடக்க.
'நீதான் அந்தக் கயிறு என்று
சொல்ல வருகிறாயா?'
இல்லை, என்றேன். உண்மையிலேயே இல்லை.
'சொல்லியிருந்தால்
இந்தப் பேசின் உன் தலையில்தான்.'
நான்கு நாளில் முதல் சிரிப்பு,
பாதியில் இருமலாகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்னொரு படிவம்.
அடுத்த சுற்று இருபத்தொரு நாள் கழித்து,
யார் அழைத்து வருவது?
பேனாவைப் பிடுங்கி நீயே நிரப்பினாய்.
என் பெயர், தொலைபேசி எண்
மனப்பாடமாக, ஒரு இலக்கம் பிசகாமல்.
உறவு என்ற கட்டத்தை மட்டும்
வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டாய்.
யஸ்னா பார்த்தாள். ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டியதும்
காற்று உன் கம்பளித் தொப்பியைக் கொண்டுபோனது.
கார்களுக்கு நடுவே துரத்தினேன்,
ஐம்பத்தேழு வயதில், மூச்சு வாங்க.
பிடித்துவிட்டுத் திரும்பினால்
நீ மூலையில்
இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி
மொட்டைத் தலையோடு நின்றிருந்தாய்,
என்னை உரக்கத் திட்டிக்கொண்டு.
காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.
வாயசைவு மட்டும்.
எல்லாம் பழைய வசவுகள்,
எனக்கு அத்தனையும் தெரியும்.