ஐந்து அங்குலம்

எட்டு அங்குலம் வேண்டாம் என்று
லாரிகள்தான் முடிவு செய்தன.
பழையபேட்டையில் என் அறை பத்துக்கு எட்டு.
இரவு பதினொன்றுக்கு மேல்
பர்கூர்ப் பக்கமிருந்து கல் ஏற்றி வரும் வண்டிகள்
வேகத்தடையில் ஏறி இறங்க
ஜன்னல் கம்பி நாற்பது ஹெர்ட்ஸில் உறுமும்.
அடிநாதம் எனக்கு இலவசம்.
அதற்குப் போய்க் காசு கொடுப்பார்களா?

மூன்று வாரம் எண்களோடு குடித்தனம்.
முன்துளையா, பின்துளையா?
மேசை சுவரை ஒட்டி.
பின்துளை என்றால் ஓசை சுவரில் முட்டிச் சேறாகும்.
மேசையை நகர்த்தலாம்தான்; நகர்த்தினால் கட்டில் போகும்,
கட்டில் போனால் நான் எங்கே போவேன்?

பெங்களூர்க் கடைக்காரர் எல்லாவற்றிலும்
ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார்.
எல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் சந்தேகம்.
ஒன்று மட்டும் சப்பென்று,
உப்புப் போடாத கஞ்சி மாதிரி.
"இது முகஸ்துதி பண்ணாது மேடம்."
ஜோடி பதினேழாயிரத்து ஐந்நூறு.
ஆறு கல்யாணத்து எடிட்டிங் கூலி,
அதில் இரண்டு இன்னும் வரவில்லை.

மடியில் ஒன்று, காலடியில் ஒன்று.
சூளகிரி வரை கண்டக்டரோடு லக்கேஜ் சண்டை.

காது மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்.
நூருல்லாவின் பாலிஷ் பட்டறையில்
கழித்துப் போட்ட கறுப்புக் கல் இரண்டு கிடைத்தது.
எந்தக் குளிர்தேசத்துக் கல்லறைக்கோ போகவேண்டியது,
பெயரில் ஓரெழுத்து பிசகி இங்கேயே தங்கிவிட்டது.
பெயரைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
நடுவில் என் தலை.
மூன்றுக்கும் சம தூரம் இருக்க
நூல் பிடித்து அளந்தேன், பூக்கட்டும் நூல்.

முதலில் போட்டது திம்மராயன் வீட்டு வளைகாப்பு.
போன தையில் முடித்துக் கொடுத்தது,
"சவுண்டு பிரமாதம்" என்று அவரே சொன்னது.
இப்போது மின்விசிறி கேட்கிறது.
பந்தியில் யாரோ ரசம் கேட்கிறார்கள்.
நான் வெட்டி ஒட்டிய இடமெல்லாம்
கதவு சாத்துவதுபோல் கேட்கிறது.
நாதஸ்வரத்துக்கு அடியில்,
வளையல் சரசரப்புக்கும் அடியில்,
வலப்பக்கமிருந்து, மெல்ல, அந்தப் பெண்:
"போதும்க்கா, கை வலிக்குது."

யாரும் நிறுத்தவில்லை.
இன்னும் இரண்டு டஜன் ஏறுகிறது.
நானும் அதன் மேல்தான்
பாட்டை ஏற்றியிருந்தேன்.

பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்கிறது ரசீது.
இடப்பக்கத்தில் லேசாக ஓர் இரைச்சல்,
காதை ஒட்டி வைத்தால் மட்டும்.
காரணம் சொல்ல அது போதும்.
ஒன்பதாம் நாள் ராத்திரி
அட்டைப்பெட்டியை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
பழைய கோப்பைத் திறந்து
பாட்டைக் கொஞ்சம் இறக்கினேன்.
யாரும் கேட்கவில்லை,
காசும் எப்போதோ வாங்கிச் செலவழித்தாயிற்று.

அணைக்கும் பொத்தான் பின்பக்கம்.
சுவருக்கும் அதற்கும் நடுவே
கை நுழையவில்லை.