இங்கோஸி

ஒன்பதாவது ஆண்டாக அந்த லிச்சி மரத்தை
வகுப்புக்குள் கொண்டுவருகிறேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க், செவ்வாய், காலை எட்டே கால்.
முன்வரிசையில் மூன்று பேர், பின்வரிசைகளில் எழுபது பேர்.
நடுவில் யாரும் உட்காருவதில்லை,
ஏனென்று நானும் கேட்டதில்லை.

டோங்காட்டில், சத்தியசீலன் படையாச்சி
தன் வீட்டு மரத்தடியைச் சுற்றிக் கம்பி கட்டினார்.
சமையலறைச் சுவரிலிருந்து அதற்கு மின்சாரம்.
மூன்று டிசம்பராக ஒரு குலைகூட மிஞ்சவில்லையாம்.
கம்பிக்கு மேலே ஒரு பலகை,
சிவப்புப் பெயின்ட்டில் ஒரே சொல்: இங்கோஸி.
வருகிற திருடன் எந்த மொழிக்காரன் என்று
அவரே முடிவு கட்டியிருந்தார். அது வேறு வழக்கு,
அதை யாரும் தொடுக்கவில்லை.

அன்றிரவு மின்வெட்டு.
பத்து மணிக்கு விளக்குகள் திரும்பியபோது
சியாபொங்கா, வயது பதினொன்று,
மரத்தின் மேலே இருந்தான்.
இறங்கத்தானே வேண்டும்.

இந்த மனநிலைக்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு.
மாணவர்கள் அதைத் தேர்வுவரை பத்திரமாக வைத்திருந்து
மண்டபத்து வாசலிலேயே தொலைத்துவிடுவார்கள்.
எனக்குள் நான் பிரித்துக்கொள்வது தமிழில்தான்.
‘அப்படியெல்லாம் நடக்காது’ என்று நினைத்தவன்
கவனம் கெட்டவன்.
‘நடந்தால் நடக்கட்டும்’ என்று நினைத்தவன்
கொலைகாரன்.
இரண்டுக்கும் நடுவே இருப்பது
ஒரு தோள்குலுக்கல்.
படையாச்சிக்குப் பத்து ஆண்டு.

பலகைதான் சாட்சி என்று எழுதினேன்,
பதினான்கு பக்கம், அறுபத்து மூன்று அடிக்குறிப்பு.
ஆபத்து என்று எழுதிவைத்தவன் ஆபத்தை அறிந்தவன்,
அறிந்தும் கம்பியை அவிழ்க்காதவன்.
கேப் டவுனிலிருந்து ஒருவர் மறுத்தார்:
எச்சரித்தவன் எப்படி உடன்பட்டவன் ஆவான்?
மறுப்புக்கு நான் மறுப்பு எழுதினேன்.
பிறகொரு மாநாட்டில், தேநீர் இடைவேளையில்,
அவரே என் தட்டில் ஒரு சமோசா வைத்தார்.
படையாச்சியை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

இந்த ஆண்டு
நொம்வூலா கையைத் தூக்கினாள், ஏழாவது வரிசை.
“மேடம், அந்தச் சொல்லை
ஆபத்து என்று மொழிபெயர்த்தது யார்?”
தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது, என்றேன்.
“எங்கள் வீட்டில் லாரி கவிழப்போகிறது என்றாலும் இங்கோஸிதான்.
கவிழ்ந்து கிடக்கிறது என்றாலும் இங்கோஸிதான்.”

வகுப்பு சிரித்தது.
நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

ஆபத்து. விபத்து.
தமிழில் முதலெழுத்து மாறினால் போதும்,
கொலை தவறாகிவிடும்.
அவள் மொழியில் அதுகூட மாற வேண்டாம்.
வாலில் தொங்கும் பத்து மட்டும்
இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

வழக்கு எண், பக்க எண், எல்லாம் மனப்பாடம்.
ஒன்பது ஆண்டில் ஒருநாளாவது
ஒரு ஸூலு அகராதியைப் புரட்டியிருக்கலாம்.
நூலகத்தில் இரண்டாம் மாடி. லிஃப்ட் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பாடத்தில் சொல்வதில்லை.
கட்டுரையை நான் அனுப்பியது ஏப்ரலில்.
மேல்முறையீடு ஜூனில் என்று தெரியும்.
நீதிபதிகள் அந்த இதழைப் படிப்பார்கள் என்றும் தெரியும்.
இதழாசிரியர் தொலைபேசியில் கேட்டார்,
“தீர்ப்பு வரட்டுமே, அதுவரை பொறுக்கலாமா?”
சமையலறையில் நின்றிருந்தேன், பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது,
போட்டுவிடுங்கள் என்றேன்,
தோளைக்கூடக் குலுக்கியிருப்பேன்,
தொலைபேசியில் தெரியவா போகிறது.

மூவரில் இருவர் அவருக்கு எதிராக.
நாற்பத்தொன்றாம் பத்தியில் என் பெயர்.
பதவி உயர்வு விண்ணப்பத்தில்
அந்தப் பத்தியை நகலெடுத்து இணைத்திருந்தேன்.

ஒன்பது அடிக்கப் போகிறது.
பின்வரிசைகளில் பைகளின் ஜிப் சத்தம்.
நொம்வூலா இன்னும்
கையை இறக்கவில்லை.