இரண்டு விசில்

சனிக்கிழமை டியூட்டியை
குப்பையாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு
பள்ளிப்பட்டு வட்டார வள மையத்தின்
பின்பக்க அறைக்கு வந்திருக்கிறேன்.
வாசலில் எட்டு ஜோடிச் செருப்புகள்.
எது என் மகனுடையது என்று தேட வேண்டாம்.
சுவரோடு ஒட்டி, இரண்டுக்கும் நடுவே
ஒரு விரல் மட்டும் நுழையும் இடைவெளியில் இருக்கும்.

உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
வட்டம் என்பது எஸ்தர் டீச்சரின் நம்பிக்கை.
யாசின் சன்னல் கம்பியில் தொங்குகிறான்.
முனிலட்சுமி கஞ்சிராவை நக்கிப் பார்க்கிறாள்.
சின்னப்பையன் ஒருவன்
கிலுகிலுப்பையை ஆட்டாமல்
அதற்குள் இருப்பது என்ன என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறான்.
என் துளசிராம்
மேசைக்கு அடியில்,
தோள்களை ஏற்றிக் காதுகளை அடைத்துக்கொண்டு.

மிக்ஸி ஓடினால் சுவரில் தலை மோதுகிறவன்.
நகரி ஜாத்திரையில் ஒற்றைப் பம்பை அடிக்கு
என் கழுத்தைக் கடித்துவிட்டு இறங்கி ஓடியவன்.
அவனே பொதட்டூர்பேட்டையில்
மாமன் கொட்டகையில் ஆறு விசைத்தறி அடிக்கையில்
தரையில் கன்னம் வைத்துத் தூங்குவான்.
எந்தச் சத்தம் சுடும், எந்தச் சத்தம் குளிரும்,
எங்களிடம் அட்டவணை இல்லை.

வீட்டில் அவள் தெலுங்கு, நான் தமிழ்.
ரெண்டு பாஷையில குழம்பிட்டான், ஒண்ணை நிறுத்துங்க
என்றார் ஒரு டாக்டர்.
ஆறு மாதம் அவள்
பெற்ற பிள்ளையிடம்
என்னிடம் இரவல் வாங்கிய தமிழில் பேசினாள்.
சோறு ஊட்டும்போது வாய்வரை வந்த ‘ரா நானா’வை
விழுங்கிவிட்டு ‘வாப்பா’ என்பாள்.
அவன் இரண்டிலும் பேசவில்லை.
டீச்சர்தான் முதல் நாளே சொன்னார்:
அம்மாவுக்கு எது வாயில வருதோ
அதுலயே கூப்பிடட்டும்.
அன்று பேருந்தில் திரும்பும்போது
அவள் வழியெல்லாம் தெலுங்கில் அழுதாள்.

டீச்சர் அவனை வெளியே வா என்று அழைத்ததே இல்லை.
மேசைப் பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளியைக்
கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.
மூன்று சனிக்கிழமை வாளி சும்மா கிடந்தது.

இன்று மேசையின் அடிப்பலகையில்
தொக்.

அவ்வளவு இரைச்சலிலும் டீச்சருக்குக் கேட்டது.
தன் மத்தளத்தில் அதே ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.
தொக்.
பிறகு காத்திருந்தார்.
சில்லறைக்குக் காத்திருப்பவர்களை
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்,
இப்படி யாரும் காத்திருந்ததில்லை.

தொக் தொக்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.
ஒன்று என்றால் நில்.
இரண்டு என்றால் கிளம்பு.
டிரைவருக்குப் பின் சீட்டில்
எத்தனை நாள் இவனை உட்கார்த்தி வைத்திருக்கிறேன்,
எதையும் பார்க்காமல்
கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்து.

மேடம், கிளம்பச் சொல்றான் என்றேன்.
டீச்சர் கிளம்பினார்.
யாசின் கம்பியை அடித்தான்,
கிலுகிலுப்பை முதன்முறையாக ஆடியது.
மேசைக்கு அடியிலிருந்து ஒன்று.
நின்றது அறை,
முனிலட்சுமியைத் தவிர.
அவள் ஓடும் வண்டியில் ஏறுகிற ஜாதி.
இரண்டு.
மறுபடி ஓட்டம்.
நீளமாக ஒரு தூரம், உடனே ஒரு நிறுத்தம்,
இன்னொன்று கொஞ்சம் தள்ளி.
எனக்கு மட்டும் வழி தெரிந்தது:
ரைஸ்மில், புளியந்தோப்பு,
பிறகு அந்த மிக நீண்ட நிறுத்தம்,
ஆந்திராக்காரர்கள் மூட்டை பிரித்துப் பார்க்கும்
சோதனைச் சாவடி.
அங்கே எல்லோரையும் நிறுத்தி வைத்தான்.
எட்டுப் பிள்ளைகளும் மூச்சு விடுவது கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் தட்டவில்லை.
அதற்கடுத்த சனிக்கிழமையும்.
வாளியை மட்டும்
சுவரோடு ஒட்டி நகர்த்தி வைத்தான்.

இப்போதெல்லாம் சாவடி தாண்டும்போது
விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு
ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கிறேன்.
கண்ணாடியில் டிரைவர் முறைக்கிறார்.
யோவ், தூங்கிட்டியா?