காலை பத்து மணியைத் தட்டிப் பார்த்தல்

மாலை ஆறு மணிக்குக் காட்டினால்
எந்தத் தெருவும் நல்ல தெருதான்.
தரகர் வாஷிங்டனுக்கு அது தெரியும்.
மொந்தேவிதேயோவில் வெயில் சாயும் நேரம் பார்த்துத்தான்
பால்கனிக் கதவைத் திறப்பார்.
"கரையோரச் சாலைக்கு எட்டே தெரு" என்பார்.
நடந்து எண்ணினேன். பதினொன்று.

எனக்கு இருபத்தோரு வருடமாக இரவுப் பணி.
மருத்துவமனையின் நான்காம் மாடியில்
மற்றவர்களின் மூச்சை எண்ணுகிறவள்.
ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது
நான் செருப்பைக் கழற்றுகிறேன்.
வீடு வாங்க வருகிறவர்கள்
குழாயைத் திருகிப் பார்ப்பார்கள்,
சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள்.
நான் தட்டிப் பார்க்கவேண்டியது
காலை பத்து மணியை.

ஆகவே ஷிஃப்ட் முடிந்ததும்
வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரு கையில் மாத்தேச் சுரைக்குடுக்கையோடு
விலைக்கு வந்த தெருக்களில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் பிராதோ பக்கம்.
இலை விழுவது கேட்டது.
அதற்கு முன்பு, விழலாமா என்று
அது யோசித்ததும் கேட்டது.
மூன்று மணி நேரத்தில் இரண்டு கார், ஒரு பூனை.
ஜன்னல் திரை ஒன்று விலகி
என்னை அளந்து மூடிக்கொண்டது.
சற்று நேரத்தில் காவல் வண்டி மெல்ல வந்து நின்றது.
"யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?"
"தூக்கத்துக்காக" என்றேன்.
அந்த இளைஞன் சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்:
சத்தம் இல்லை. பத்துக்குப் பத்து.
வெள்ளிக்கிழமை முன்பணம் என்று பேசியாயிற்று.

புதன்கிழமை
ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்
ரெதுக்தோவுக்குப் போனேன்.
எதிரே பள்ளிக்கூடம்.
பனையில் கூடு கட்டிய பச்சைக் கிளிகள்
ஒரே கொப்புக்கு வழக்காடிக்கொண்டிருந்தன.
சாணை பிடிக்கிறவன் சைக்கிளில் குழல் ஊதிப் போனான்.
சோபா தைக்கும் கடை வாசலில்
வானொலியோடு ஒருவர் கால்பந்துச் சண்டை போட்டார்;
வானொலி தோற்கவில்லை.
பூஜ்யம் போடத்தான் பேனாவை எடுத்தேன்.

எடுத்தது ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது மணி ஒன்றேகால்.
சாத்திய மருந்துக்கடைப் படியில்
வாய் திறந்து, கழுத்து பிடித்துப்போய் நான்.
தலைக்கும் கதவுக்கும் நடுவே
சோபாப் பஞ்சு ஒரு துண்டு.
குடுவை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்திருந்தது.
பேனா மடியில், மூடி போட்டு.
யாரோ வந்திருக்கிறார்கள்,
குனிந்திருக்கிறார்கள்,
மூடி எங்கே உருண்டது என்று தேடியிருக்கிறார்கள்.

இதைப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை.
பன்னிரண்டு மணி நேர வேலை;
அன்றைக்குக் குதிரை மேல் வைத்திருந்தாலும் தூங்கியிருப்பேன்.
உறுதி செய்துகொள்ள வியாழனும் போனேன்.
ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.
கிளிகளின் வம்சத்தையே சபித்தேன்.
சோபாக்காரர், பெயர் அதெமார்,
வாயில் ஆணிகளோடு எட்டிப் பார்த்து,
"இன்றைக்கு ஏன் விழித்திருக்கிறீர்கள்?" என்றார்,
ஏதோ வாக்குத் தவறிவிட்டதுபோல.

வாஷிங்டனுக்குக் கொஞ்சம் வருத்தம்.
கமிஷன் குறையும்.
ஆனாலும் நல்ல மனிதர், காதருகே வந்து,
"பின்பக்க அறையில் படுங்கள்,
பள்ளிக்கூடம் கேட்காது" என்றார்.
அங்கே துணி காயப் போடுகிறேன்.
கட்டில் முன்பக்கம்.

பத்தேகாலுக்கு இடைவேளை மணி.
நூற்றெழுபது பிள்ளைகள் ஒரே தொண்டையாகக் கத்த
தலையணையைக் காதில் அமுக்கித்
திட்டிக்கொண்டே புரண்டு படுப்பேன்.

இப்போது ஜனவரி, பள்ளி விடுமுறை.
அதெமாரும் கடையைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் போயிருக்கிறார்.
தெரு அத்தனை அமைதி,
பத்துக்குப் பத்து.

மூன்று நாளாகத் தூங்கவில்லை.