இரண்டாம் பாகத்துக்கு ஆறரை

பதினொரு வருடம் கழித்து வந்திருக்கிறது இரண்டாம் பாகம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மஞ்சக்குப்பம் கடையில் பில் போடும்போதே
கையில் வைத்து எடை பார்த்தேன். தொழில் புத்தி.

சிப்காட்டில் தரம் பார்க்கிறவள் நான்.
முதல் பேட்சில் கொஞ்சம் புட்டியில் அடைத்து
அலமாரியில் வைத்திருப்போம்.
பிறகு வருவது எதுவானாலும்
அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்:
நிறம், நெடி, அடியில் தங்கும் கசடு.

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பிரித்தேன்.
முதல் பாகத்தில் யாளிகளுக்குப் பேச்சு கிடையாது,
அதனால்தான் பயம்.
இதில் பேசுகின்றன, பத்தி பத்தியாக,
தாசில்தார் ஆபீஸ் கடிதம் மாதிரி.
வரைபடம் நாலாக மடிக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது.
புதிதாக மூன்று ராஜ்யம்;
ஒன்றிலும் யாரும் உலை வைப்பதாகத் தெரியவில்லை.

நிழலை அடகு வைத்த ராணி மட்டும் அப்படியே.
இப்போதெல்லாம் உச்சிவேளையில்தான் வெளியே வருகிறாள்
அப்போது மட்டும் ஊரே அவளைப் போல.
அந்த வரியில் திருப்பாப்புலியூரைத் தவறவிட்டு
செம்மண்டலத்தில் இறங்கி
கெடிலம் பாலத்தில் திரும்ப நடந்தேன்,
விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி.

முந்நூற்று எண்பத்தொன்பதில் ஓடக்காரன் எழுந்து வருகிறான்.
செத்தவன்.
தானே புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ராத்திரிகளில்
மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு அவனுக்காக அழுதிருக்கிறேன்.
கூரை போனதற்கு அழுகிறாள் என்று
பக்கத்து வீட்டில் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள்.

அமலோற்பவத்துக்குப் போன் போட்டேன்.
"உசுரோட வந்தா உனக்கென்னடி நஷ்டம்?"
அழுததைத் திருப்பித் தருவானா என்றேன்.

ஒப்புப் பார்க்க முதல் பாகத்தை எடுத்தேன்.
அவன் சாவு மொத்தமே ஐந்து வரி.
அவன் முங்கிய இடத்தில் துடுப்பு மட்டும்
நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்ததே?
தேடினேன். முன் பக்கம், பின் பக்கம்.
துடுப்பு இல்லை. எங்கேயும் இல்லை.
புட்டியின் மூடி எப்போதோ திறந்திருக்கிறது,
நானே ஏதோ கலந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஆறு போட்டேன்.
உச்சிவேளைக்காக ஓர் அரை.
யாளிகள் வாயை மூடியிருந்தால் ஏழு.

அதற்குக் கீழே அச்சில்: மூன்றாம் பாகம் விரைவில்.
இவர்கள் விரைவில் எனக்குத் தெரியும்.
இதே கணக்கில் போனால் அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று.

கடையில் சொல்லி வைத்துவிட்டேன்.