சிவப்புப் பூட்டு

பதினொரு தவறிய அழைப்புகள்.
பன்னிரண்டாவதில்தான் விழித்தேன்.
"எங்கே இருக்கிறாய்?"
அதிகாலை நான்கு இருபது.
"வீட்டில். படுக்கையில்."
"நிச்சயமாகவா?"
என்ன கேள்வி இது என்று
போர்வையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
"ஆமாம்."
உட்லண்ட்ஸில் யாரோ நீளமாக விட்ட மூச்சு
ஈசூனில் என் காதைச் சுட்டது.

நேற்றைய ஜீன்ஸ் பையில் கைவிட்டேன்.
பேருந்து அட்டை, நைந்துபோன மைலோ ரசீது,
அப்புறம் அது:
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத
பித்தளைச் சாவி.

டிப்போவில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறாவது வாரம்.
ஆண்கள் அளவில் மட்டுமே கிடைத்த
இரும்பு மூக்குக் காலணிக்குள்
இரண்டு ஜோடிக் காலுறை திணித்துக்கொண்டு
ஈரடுக்குப் பேருந்தின் வயிற்றுக்கடியில்
பிரேக் குழாய் மாற்றினோம், நானும் ஸுல்ஹில்மியும்.
குழிக்குள் இறங்குமுன்
பேட்டரி இணைப்பைத் துண்டித்து
அவரவர் பூட்டை அவரவர் மாட்ட வேண்டும்.
என் பூட்டில் தொங்கும் அட்டையில்
திருதிருவென முழிக்கும் என் படம். கீழே,
'இயக்காதே. வேலையில் இருப்பவர்: மிருதுளா.'
போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது விதி.
வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டிருந்தேன்.
தேர்வில் அதற்கு நான்கு மதிப்பெண்.

வேலை முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது.
ஸுல்ஹில்மி தன் பூட்டைக் கழற்றினான்.
நான் கடைசி ரயிலை நினைத்து ஓடினேன்.

முதல் நடை கிளம்ப வேண்டிய பேருந்து
பொத்தானை எத்தனை முறை அழுத்தியும்
ஒரு இருமல்கூட இருமவில்லை.
ஓட்டுநர் பக்கவாட்டுப் பலகையைத் திறந்தாராம்.
சிவப்பாக ஒரு பூட்டு. அதில் நான்.

இரும்பு வெட்டி எட்டும் தூரத்தில்,
சுவரில்தான் தொங்கியது.
ஒரு நொடி வேலை.
ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை.
மேற்பார்வையாளர் திருமதி கோ
மூட்டுவலியோடு முழங்காலில் இறங்கினார்.
ஓட்டுநர், இஸ்திரி கலையாத சீருடையோடு,
தரையில் மல்லாந்தார்.
குழிக்குள் மூன்று டார்ச்சுகள்.
அச்சுக்குப் பின்னால், சக்கரங்களின் இடுக்கில்,
மேல்தளத்தின் கடைசி இருக்கைவரை
என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்
தேடியிருக்கிறார்கள்.
நான் அந்நேரம்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்சிக்கு இருபத்தாறு வெள்ளி.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஓட்டுநரின் முதுகு நெடுகக் கிரீஸ்.
பூட்டைத் திறந்தேன்; கை நடுங்கி
இரண்டாம் முறைதான் சாவி நுழைந்தது.
நாற்பத்தொரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது பேருந்து.
எங்கோ ஒரு நிறுத்தத்தில்
பணிக்குப் போகும் தாதி ஒருத்தி
முகம் தெரியாத என்னைச் சபித்திருப்பாள்.
நியாயம்தான்.

படிவம் நீட்டினார் திருமதி கோ.
காயம்: இல்லை.
சேதம்: ஒரு சட்டை.
காரணம்: மறதி
என்று எழுதினேன். எழுதிவிட்டு
வெட்டியைப் பார்த்தேன்.
அதன் கைப்பிடியில் தூசி.

படிப்பு முடியும் மாதம்
கல்லூரியில் நேர்காணல் ஒத்திகை வைத்தார்கள்.
மூன்று விநாடி கைகுலுக்கல்.
கண்ணைப் பார்த்துப் பேச்சு.
பலவீனம் என்னவென்று கேட்டால்
'அளவுக்குமீறி உழைத்துவிடுவேன்' எனச் சொல்ல
ஒரு தாளும் தந்தார்கள்.

நேற்று நிஜ அறை, நிஜக் குளிர்.
அதே கேள்வி வந்தது.
தாள் மனப்பாடம்தான்; வாய் கேட்கவில்லை.
"சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்," என்றேன்.
"நான் இல்லாத இடத்தில்
இருக்கிறேன் என்றே எண்ணி என்னைத் தேடினார்கள்.
அப்படித் தேடுபவர்களோடு
வேலை செய்ய வேண்டும்."
நடுவில் இருந்தவர் ஏதோ எழுதினார்.
தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன்,
டாக்டர் கையெழுத்து.

வெளியே வெயில். நிறுத்தத்தில் பேருந்து
புஸ்ஸென்று பெருமூச்சுவிட்டு நின்றது.
ஏறுமுன், ஏனோ,
குனிந்து அடியில் பார்த்தேன்.
"என்ன விழுந்துவிட்டது?" என்றார் ஓட்டுநர்.
ஒன்றுமில்லை என்று
அட்டையைத் தட்டினேன்.